பகுதிநேர வேலைக்குப் போனால் பெனிபிட் எல்லாம் நின்றுவிடுமா?

லண்டன் ஹரோவிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

"வணக்கம் அக்கா. எனக்கு 46 வயது. முடக்குவாதத்தால் கைமூட்டுகளும் முழங்கால்களும் வீங்கி, கொஞ்சத் தூரம் நடந்தாலே நின்று ஆறவேண்டிய நிலை. பல்கலைக்கழகம் போகும் 20 வயது மகனுடன் வாடகை வீட்டில் இருக்கிறேன். யூனிவர்சல் கிரெடிட்டில் வேலை தேடத் தேவையில்லை என்ற பிரிவில் 2023இல் போட்டார்கள். பிப் (இயலாமைக் கொடுப்பனவு) இரண்டு பகுதியும், அன்றாட வாழ்க்கைக்கும் நடமாட்டத்துக்கும், ஸ்டாண்டர்ட் அளவில் வருகிறது. இப்போது பக்கத்தில் உள்ள பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கக் கேட்கிறார்கள். கிழமைக்கு மூன்று பின்னேரம், ஒவ்வொன்றும் நான்கு மணித்தியாலம். போக ஆசையாக இருக்கிறது. ஆனால் மாமா, 'பெனிபிட் எடுக்கிறவர்கள் வேலைக்குப் போனால் எல்லாவற்றையும் வெட்டிவிடுவார்கள். தெரிந்தவரின் கடையில் எட்டு மணித்தியாலம் நின்று கையில் காசை வாங்கிக்கொள்' என்கிறார். பிப்பும் நின்றுவிடுமா? என்னைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எடுக்கும் கேரர்ஸ் அலவன்ஸுக்கும் பாதிப்பு வருமா?"

அன்புள்ள சகோதரி,

நேரே பதிலுக்கு வருகிறேன். அந்தக் கிளினிக் வேலையை எடுக்கலாம். அதனால் உங்கள் பிப்பில் ஒரு பென்ஸ்கூடக் குறையாது. யூனிவர்சல் கிரெடிட் கொஞ்சம் குறையும், ஆனால் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால் மாதம் ஏறத்தாழ 510 பவுண்ஸ் கூடுதலாக உங்கள் கையில் நிற்கும். நீங்கள் வேலைக்குப் போவதால் அக்காவின் கேரர்ஸ் அலவன்ஸ் நிற்காது. கடையில் கையில் காசு வாங்கும் யோசனையை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

நலக் கொடுப்பனவு ஆலோசகராக வேலை செய்யும் எனக்கு நம்மவர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்விகளில் இது ஒன்று. "பெனிபிட்" என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கதைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. உங்களுக்கு வருவது இரண்டு தனித்தனிக் கொடுப்பனவுகள். பிப் என்பது உங்கள் இயலாமையால் வரும் மேலதிகச் செலவுக்கானது. நீங்கள் எவ்வளவு உழைக்கிறீர்கள், வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. முழுநேர வேலை செய்பவர்களும் பிப் எடுக்கிறார்கள். யூனிவர்சல் கிரெடிட் அப்படியல்ல, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான உதவி அது. அது உங்கள் வருமானத்தைப் பார்க்கும். ஆனால் பார்த்த உடனே முழுவதையும் வெட்டாது, படிப்படியாகத்தான் குறைக்கும்.

கணக்கைப் பார்ப்போம். 2025-26 நிதியாண்டுக்கான அளவுகளை வைத்துச் சொல்கிறேன். 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 12.21 பவுண்ஸ். கிளினிக்கில் அதையே தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிழமைக்கு 12 மணித்தியாலம் என்றால் 146.52. மாதக் கணக்கில் 634.92 பவுண்ஸ். இந்த அளவுக்கு வருமான வரியும் இல்லை, நேஷனல் இன்ஷூரன்ஸும் பிடிக்கமாட்டார்கள்.

யூனிவர்சல் கிரெடிட்டில் வேர்க் அலவன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. உங்களைப்போல் நோயினால் வேலை செய்யும் திறன் குறைந்தவர் என்று முடிவு செய்யப்பட்டவர்களுக்கும், பிள்ளைகளுக்குப் பொறுப்பானவர்களுக்கும் மட்டும்தான் இது உண்டு. யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைக்கும் உதவி கிடைக்கிறவர்களுக்கு மாதம் 411 பவுண்ஸ், வாடகை உதவி இல்லாதவர்களுக்கு 684 பவுண்ஸ். அந்தளவு சம்பளத்தை அவர்கள் தொடவே மாட்டார்கள். அதற்கு மேல் வருவதில் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் குறைப்பார்கள். உங்கள் சம்பளத்தில் 411ஐக் கழித்தால் 223.92. அதில் 55 வீதம் 123.16. ஆக யூனிவர்சல் கிரெடிட் மாதம் 123 பவுண்ஸ் அளவில் குறையும், சம்பளம் 635 அளவில் வரும். மிச்சம் 511.76 உங்களுக்கு. பிப் காசு, அதே ஆண்டு அளவில் கிழமைக்கு 73.90உம் 29.20உம், அப்படியே வரும். அதை யூனிவர்சல் கிரெடிட் வருமானமாக எடுப்பதும் இல்லை.

ஒவ்வொரு ஏப்ரலிலும் இந்த எண்களெல்லாம் மாறும். 2026 ஏப்ரலிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 12.71, வேர்க் அலவன்ஸும் கூடுதல். கணக்குப் போடும் முறை அதேதான். புது எண்களைப் போட்டு நீங்களே பார்க்கலாம், அல்லது இணையத்தில் உள்ள என்டைட்டில்ட்-டூ கல்குலேட்டரில் போடலாம்.

இனி மாமாவின் பேச்சுக்கு வருகிறேன். அவரைக் குறைசொல்ல மாட்டேன். அவர் அறிந்த காலத்தில் அதில் உண்மை இருந்தது. இன்கம் சப்போர்ட் என்ற பழைய கொடுப்பனவை எடுத்தவர்கள் கிழமைக்கு 16 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்தால் அது முழுவதுமாக நின்றது. டாக்ஸ் கிரெடிட்டிலும் 16 என்ற எண் ஒரு வரம்பாக இருந்தது. டாக்ஸ் கிரெடிட் 2025 ஏப்ரல் 5ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்துப் பயம் மட்டும் நம்முடைய வீடுகளில் இன்னும் குடியிருக்கிறது. யூனிவர்சல் கிரெடிட்டில் மணித்தியால வரம்பு என்று ஒன்று கிடையாது. முதல் மருத்துவ மதிப்பீடே இன்னும் நடக்காதவர்கள், அதிலும் பிப் இல்லாதவர்கள், 16 மணித்தியாலக் குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சமமாக உழைத்தால் மட்டும் அந்த மதிப்பீட்டுக்குப் போக முடியாமல் போகும். உங்களுக்கு மதிப்பீடு முடிந்துவிட்டது, பிப்பும் இருக்கிறது. அந்த விதி உங்களைத் தொடாது.

கடை வேலையைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் விழுந்து எழும்ப முடியாமல் தவிப்பவர்களை நான் பார்க்கிறேன். எட்டு மணித்தியாலம் சட்டப்படியான சம்பளத்துக்கு, ஒழுங்காகப் பதிந்து வேலை செய்தால் மாதம் 423.28 பவுண்ஸ். அதில் 411 வேர்க் அலவன்ஸுக்குள் போய்விடும். மிச்சம் 12.28இல் 55 வீதம் எவ்வளவு? 6.75 பவுண்ஸ். அதாவது, மறைத்து வேலை செய்வதால் நீங்கள் காப்பாற்றப் போவது மாதம் ஏழு பவுண்ஸ்கூட இல்லை. அந்த ஏழு பவுண்ஸுக்காக எதையெல்லாம் பணயம் வைக்கிறீர்கள் என்று பாருங்கள். பிடிபட்டால் கூடுதலாகக் கொடுத்ததை முழுவதும் திருப்பிக் கேட்பார்கள். அதற்கு மேல் தண்டப்பணம். வழக்கு வேண்டாமென்று முடிக்கும் நிர்வாகத் தண்டமே, கூடுதலாக எடுத்த தொகையில் பாதி. அது குறைந்தது 350 பவுண்ஸ், கூடினால் 5,000 வரை போகும். வழக்கே போட்டால் குற்றப்பதிவு. இன்னும் பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காதவர் என்றால் நன்னடத்தை என்ற நிபந்தனையில் அது வந்து நிற்கும்.

அது மட்டுமில்லை. கையில் காசு கொடுக்கும் இடத்தில் பெரும்பாலும் சட்டப்படியான சம்பளம் கொடுப்பதில்லை. வருத்தம் கூடிப் படுத்தால் சிக் பே இல்லை. பெட்டி தூக்கி விழுந்தால் கேட்க ஆளில்லை. கிளினிக்கில் கிழமைக்கு 146 பவுண்ஸ் சம்பளத்தில் பதிந்து வேலை செய்தால் அது நேஷனல் இன்ஷூரன்ஸ் பதிவிலும் ஏறும், நோய்க் கொடுப்பனவுக்கும் உரிமை வரும். தெரிந்தவர் நல்ல மனதோடுதான் கேட்டிருப்பார். ஆனால் நன்மை அவருக்கு, ஆபத்து உங்களுக்கு.

நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. வேலைக்குப் போனால், "இவ வேலை செய்யக்கூடியவதானே" என்று மறுபடி மதிப்பீட்டுக்குக் கூப்பிட்டு, யூனிவர்சல் கிரெடிட்டில் 2025-26 அளவில் மாதம் 423.27 வரும் அந்த நோய்ப் பகுதியை வெட்டிவிடுவார்களா? உங்களைப்போல எல்.சி.டபிள்யு.ஆர்.ஏ. (நோயினால் வேலை தேடவோ அதற்கு ஆயத்தம் செய்யவோ தேவையில்லை என்ற) பிரிவில் இருப்பவர்கள் வேலை செய்ய எந்தத் தடையும் இல்லை. வேலை செய்வது ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்லி அதை எடுக்க முடியாது. ஆனால் மறுமதிப்பீடு எப்போதும் வரலாம். அப்போது நீங்கள் செய்யும் வேலையும் நீங்கள் சொல்லும் வருத்தமும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள்.

ஆகவே 2023இல் உங்களுக்கு எந்தக் காரணத்துக்காக அந்தப் பிரிவு கிடைத்தது என்று தெரிந்து வைத்திருங்கள். அந்த மதிப்பீட்டு அறிக்கை உங்களிடம் இல்லாவிட்டால் உங்கள் யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் உள்ள ஜேர்னலில் எழுதிக் கேட்டால் அனுப்புவார்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால், 50 மீட்டருக்கு மேல் நிற்காமல், அல்லது திரும்பத் திரும்ப, நடமாட முடியாது என்ற அடிப்படையில் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் கதிரையில் இருந்து போன் எடுத்து, வருகிறவர்களின் பெயரைப் பதியும் வேலை அதற்கு முரணே இல்லை. அதே நேரம் கடையில் நின்று தட்டு அடுக்கும் வேலை முரண். இதையும் மாமாவிடம் சொல்லுங்கள். கிளினிக்கிடம் வேலை விபரத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள். அதில் இருந்தபடி செய்யும் வேலை, பாரம் தூக்கத் தேவையில்லை, இடையிடையே எழுந்து கை கால் நீட்டலாம் என்று இருந்தால் அந்த ஒரு தாள் பின்னால் பெரிய உதவி.

பிப் விஷயத்தில் எனக்கு அதிகக் கவலை வேலையைப்பற்றி அல்ல. அடுத்த ரிவியூ போம் வரும்போது நீங்கள் அதை எப்படி நிரப்பப் போகிறீர்கள் என்பதுதான் கவலை.

நம்முடைய பெண்கள் வெளியாட்களிடம் குறை சொல்லிப் பழகாதவர்கள். வருத்தம் எப்படி என்று கேட்டால் பரவாயில்லை என்போம். சமைப்பீர்களா என்று கேட்டால், ஓம், ஒவ்வொரு நாளும் சமைப்பேன் என்போம். அப்படிச் சொன்னவரின் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் வெங்காயம் வெட்டுவது மகன். புட்டுக்கு மா குழைப்பது அக்கா. சோற்றுப் பானையை இரண்டு கையாலும் பிடித்துக் கஞ்சி வடிக்கப் போய் ஒருநாள் காலில் ஊற்றிக்கொண்டதில் இருந்து அந்தப் பானையை யாரும் இவரைத் தூக்க விடுவதில்லை. இவர் பக்கத்தில் நின்று உப்பு, தூள் அளவு சொல்கிறார். போமில் மட்டும் "சமைப்பேன்" என்று இருக்கும். அதற்கு அந்தக் கேள்வியில் சுழியம் புள்ளி.

பிப்பில் ஒரு காரியத்தை உங்களால் செய்ய முடியும் என்று எடுக்க வேண்டுமென்றால் நான்கு விஷயம் பொருந்தவேண்டும். ஆபத்தில்லாமல் செய்யவேண்டும், ஓரளவு ஒழுங்காகச் செய்யவேண்டும், தேவையான தடவை திரும்பத் திரும்பச் செய்யக்கூடியதாக இருக்கவேண்டும், சாதாரண ஆள் எடுக்கும் நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. இந்த நான்கில் ஒன்று தவறினாலும் சட்டப்படி உங்களால் அதைச் செய்ய முடியாது என்றுதான் அர்த்தம். அதோடு, ஒரு வருத்தம் பாதிக்கும் நாட்கள் பாதிக்கு மேல் இருந்தால் போதும், எல்லா நாளும் இருக்கவேண்டுமென்பதில்லை. முடக்குவாதம் ஏறி இறங்கும் வருத்தம், உங்களுக்குத் தெரியும். நல்ல நாளை எழுதாதீர்கள், மிக மோசமான நாளையும் மட்டும் எழுதாதீர்கள். ஒரு மாதத்தில் எத்தனை நாள் எப்படி என்று ஒரு கொப்பியில் குறித்து வைத்து அதையே எழுதுங்கள்.

இன்னொன்று. இடியப்பம் பிழிய முடியவில்லை, கூட்டுக்கறி வைக்க முடியவில்லை என்று எழுதுவார்கள். அவர்கள் கேட்பது அதுவல்ல. புது மரக்கறியை வைத்து ஒரு ஆளுக்கு ஒரு எளிய சாப்பாடு. தோல் சீவ, வெட்ட, ரின் திறக்க, அடுப்பில் சட்டியை வைத்து இறக்க முடியுமா என்பதுதான் கேள்வி. ஆகவே கத்தியைப் பிடித்தால் விரல் மடங்குமா, சட்டி கையிலிருந்து நழுவுமா, பாதியில் கதிரையில் இருக்கவேண்டி வருமா என்று அந்த அளவில் எழுதுங்கள்.

வேலைக்குப் போனபின் ரிவியூவிலோ போனிலோ வேலையைப்பற்றிக் கேட்பார்கள். மறைக்கவேண்டாம். வேலை செய்கிறேன் என்று மட்டும் சொல்லி நிறுத்தவும் வேண்டாம். எப்படிப் போய் வருகிறீர்கள், என்ன வசதி செய்து தந்திருக்கிறார்கள், வேலை முடிந்து வந்து எவ்வளவு நேரம் படுக்கிறீர்கள், அடுத்த நாள் குளிக்க யார் உதவி என்று முழுவதையும் சொல்லுங்கள். மதிப்பீட்டுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் நேரம் குறிக்கும்போதே கேளுங்கள், தருவார்கள். மகனை மொழிபெயர்க்க வைக்கவேண்டாம். கழிப்பறை உதவி, உள்ளாடை போட உதவி என்பதையெல்லாம் மகன் முன்னால் ஒரு தாய் முழுவதுமாகச் சொல்லமாட்டாள்.

பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதியை இவ்வளவு கவனமாகக் காக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அக்காவின் கேரர்ஸ் அலவன்ஸ் அதில்தான் தொங்கி நிற்கிறது. உங்கள் வேலையோ சம்பளமோ அவருக்குப் பிரச்சினை இல்லை. அவர் உங்களைக் கிழமைக்குக் குறைந்தது 35 மணித்தியாலம் பார்த்துக்கொண்டால் போதும், நீங்கள் 12 மணித்தியாலம் வெளியில் இருப்பது அதைக் கெடுக்காது. ஆனால் அந்தப் பிப் பகுதி நின்றால் அவருக்கு வருவதும் நிற்கும். மகனுக்கு 21 வயது ஆகும்போது வீட்டில் வளர்ந்த பிள்ளை இருக்கிறார் என்று வாடகை உதவியில் ஒரு தொகையைப் பிடிக்காமல் இருப்பதும் அதே பிப்பால்தான்.

அக்காவிடம் ஒன்று சொல்லுங்கள். அவரும் வேலை செய்கிறாரென்றால் அவருடைய வரம்பு, 2025-26 அளவில், கிழமைக்கு 196 பவுண்ஸ், வரி முதலியவை கழித்தபின். அதை ஒரு பவுண் தாண்டினாலும் அந்தக் கிழமைக்கான 83.30 முழுவதும் போய்விடும். யூனிவர்சல் கிரெடிட்டைப்போல் மெதுவாகக் குறைவதில்லை. தெரியாமல் தாண்டி, பல வருடம் கழித்து ஆயிரக்கணக்கில் திருப்பிக் கட்டச்சொல்லிக் கடிதம் வந்த கேரர்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள். அரசாங்கமே அதைப்பற்றித் தனி விசாரணை வைத்து, அறிக்கை 2025 நவம்பரில் வந்தது.

சரி, வேலையை ஒப்புக்கொள்கிறீர்கள் என்றால் செய்யவேண்டியவை. முதல் நாளிலேயே யூனிவர்சல் கிரெடிட் ஜேர்னலில் எந்த இடம், எத்தனை மணித்தியாலம், என்ன சம்பளம், எப்போது தொடங்கினீர்கள் என்று பதியுங்கள். சம்பள விபரத்தை முதலாளி வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.க்கு அனுப்பும்போது அது தானாகவே, கொடுப்பனவுகளை நடத்தும் டி.டபிள்யு.பி.க்குப் போகும். என்றாலும் நீங்கள் சொன்னதற்குப் பதிவு இருக்கவேண்டும். பதிந்த பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

சம்பளத்தை மாதச் சம்பளமாகத் தரமுடியுமா என்று கேளுங்கள். நான்கு கிழமைக்கு ஒருமுறை சம்பளமென்றால் வருடத்தில் 13 சம்பளம் வரும், யூனிவர்சல் கிரெடிட் கணக்குப் பார்க்கும் மாதங்களில் ஏதோ ஒன்றில் இரண்டு விழும். அந்த மாதம் 586.08 இரண்டு தடவை, மொத்தம் 1,172.16 என்று காட்டும், யூனிவர்சல் கிரெடிட்டில் ஏறத்தாழ 419 பவுண்ஸ் வெட்டு விழும். வருடக் கணக்கில் நட்டமில்லை. ஆனால் வாடகை கட்டும் மாதத்தில் அந்த அதிர்ச்சி வேண்டாம். அதோடு, உங்கள் பிரிவில் இருப்பவர்களுக்கு மாதச் சம்பளம் 935 பவுண்ஸுக்குள் இருக்கும்வரை மருந்துச் சீட்டு இலவசம். மெத்தோட்ரெக்ஸேட், போலிக் அசிட், வலி மாத்திரை என்று ஒவ்வொன்றுக்கும் 9.90 கட்டுவது சும்மா விஷயமில்லை. 635இல் இருந்தால் அந்தச் சலுகை தொடரும், இரட்டைச் சம்பள மாதத்தில் சிக்கிக்கொள்ளும். மாதச் சம்பளம் வாங்குபவர்களுக்கும், சம்பளத் திகதி கணக்கு மாதம் முடியும் நாளோடு உரசினால் இரண்டு சம்பளம் ஒன்றாக விழுவதுண்டு. நான்கு தாய்மார் 2020இல் அப்பீல் கோர்ட் வரை போய் இதில் வென்றார்கள். அதற்குப் பிறகு, மாதச் சம்பளக்காரர் கேட்டால் ஒன்றை அடுத்த மாதத்துக்கு மாற்றித்தர விதி வந்தது. நடந்தால் ஜேர்னலில் கேளுங்கள்.

கவுன்சில் டாக்ஸ் சலுகை ஒவ்வொரு கவுன்சிலிலும் ஒவ்வொரு மாதிரி. உங்கள் கவுன்சிலுக்குச் சம்பளத்தைச் சொல்லி எவ்வளவு மாறும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மேலே சொன்ன 511இல் இதைக் கழித்துத்தான் கடைசிக் கணக்கு.

அக்செஸ் டு வேர்க் என்ற உதவியை நம்மவர்கள் அதிகம் கேட்பதில்லை. இயலாமை உள்ளவர் வேலைக்குப் போக, அங்கே வேலை செய்யத் தேவையானதற்கு டி.டபிள்யு.பி. தரும் காசு அது. முதுகுக்கும் முழங்காலுக்கும் ஏற்ற கதிரை, கையால் தட்டாமல் குரலால் எழுதும் சொப்ட்வெயர், பஸ்ஸில் போகமுடியாத நிலை என்றால் டாக்சிச் செலவு. கடன் இல்லை, வருமானமாகவும் எடுக்கமாட்டார்கள். ஆனால் பதில் வர மாதக்கணக்கில் ஆகிறது. ஆகவே ஓஃபர் கடிதம் கையில் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். வேலை தொடங்கி ஆறு கிழமைக்குள் விண்ணப்பித்தால் செலவு முழுவதையும் அவர்களே ஏற்க இடமுண்டு. போனைக் காதில் பிடிக்காமல் ஹெட்செட், விரல் வலிக்கும்போது சின்ன இடைவேளை, காலை விறைப்பினால் பின்னேர நேரம் மட்டும் என்பவற்றையெல்லாம் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தின்படி நியாயமான மாற்றமாகக் கிளினிக்கிடமே கேட்கலாம். சின்ன இடமென்றாலும் அந்தச் சட்டம் பொருந்தும். பிப்பில் நடமாடும் கேள்விக்கு 8 புள்ளி கிடைத்திருந்தால் லண்டனில் டிஸேபிள்ட் பிரீடம் பாஸும் எடுக்கலாம், பஸ் செலவு மிச்சம்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு இரண்டு சொல். மேலே சொன்ன கணக்கு, நோயினால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான இன்னொரு கொடுப்பனவான ஈ.எஸ்.ஏ. எடுப்பவர்களுக்குப் பொருந்தாது. நியூ ஸ்டைல் ஈ.எஸ்.ஏ.யில் இருந்துகொண்டு வேலை செய்யலாம், ஆனால் கிழமைக்கு 16 மணித்தியாலத்துக்குக் குறைவாகவும், சம்பளம், 2025-26 அளவில், 195.50 பவுண்ஸைத் தாண்டாமலும் இருக்கவேண்டும். தாண்டினால் முழுவதும் நிற்கும். பி.டபிள்யு.1 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுக்கவும் வேண்டும். மாமாவின் 16 அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. மற்றது, விசாவில் பொது நிதி உதவி எடுக்கக்கூடாது என்று இருப்பவர்கள் பிப்போ யூனிவர்சல் கிரெடிட்டோ விண்ணப்பிக்க முன் குடிவரவு ஆலோசகரிடம் கதையுங்கள். அவை இரண்டும் பொது நிதியில் சேரும், விண்ணப்பித்ததே விசாவைப் பாதிக்கலாம்.

சகோதரி, உங்கள் பயத்தின் அடியில் வேறு ஒரு கேள்வி இருக்கும் என்று நினைக்கிறேன். வேலைக்குப் போய், ஒத்துவராமல் மூன்றாம் மாதம் விட்டுவிட நேர்ந்தால்? அப்போது ஜேர்னலில் வேலை நின்றுவிட்டது என்று பதிந்தால் போதும். சம்பளம் நின்றதும் அடுத்த கணக்கிலிருந்து யூனிவர்சல் கிரெடிட் பழைய அளவுக்குத் திரும்பும், புதிதாக விண்ணப்பிக்கத் தேவையில்லை. நீங்கள் இருக்கும் பிரிவில் வேலை தேடும் நிபந்தனை இல்லாதபடியால், வேலையை விட்டதற்காகத் தண்டித்துக் காசை நிறுத்தவும் முடியாது.

ஆனால் ஒன்று. இடையில் யார் என்ன சொன்னாலும், "இப்போது வேலை இருக்கிறதுதானே" என்று நீங்களாக உங்கள் கிளெய்மை மூடிவிடாதீர்கள். 2025இல் வந்த யூனிவர்சல் கிரெடிட் சட்டத்தால், 2026 ஏப்ரலிலிருந்து புதிதாக நோய்ப் பகுதிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு மாதம் 217 பவுண்ஸ் அளவுதான் கிடைக்கும், 2025-26 தொகையில் ஏறத்தாழ பாதி. ஏற்கெனவே அதில் இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்குப் பழைய அளவைப் பாதுகாத்திருக்கிறார்கள். மூடிவிட்டுப் பிறகு திரும்பிவந்தால் அந்தப் பாதுகாப்பை இழக்க நேரலாம்.

எப்போதாவது நோய்ப் பகுதியையோ பிப்பையோ குறைத்துக் கடிதம் வந்தால், கடிதத் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கவேண்டும். அதிலும் சரிவராவிட்டால் டிரிபியூனல் என்ற தீர்ப்பாயம், அதற்குக் கட்டணம் இல்லை. தனியாகச் செய்யவேண்டாம். சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ உங்கள் பகுதி ஆலோசனை நிலையத்திலோ உடனே நேரம் எடுங்கள், கடிதத்தையும் அது வந்த உறையையும் கொண்டுபோங்கள். இப்போதைக்கு, கிளினிக்குக்குப் பதில் சொல்லமுன் வேலை விபரத்தை எழுத்திலும், சம்பளத் திகதியை வாயிலும் கேட்டு வாங்குங்கள். அந்த இரண்டும் கையில் இருந்தால் உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு ஓம் சொல்லலாம்.